அஜீஷ் போன விவரம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி மஹேஷுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாமல் இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல இருமல் ஜலதோஷம்னு படுக்காமல் நன்னா இருக்கணும்னு தினமும் பத்மநாபஸ்வாமியை வேண்டிக்கறோம். மனசு எப்படி இருக்குன்னு கேட்டால் நன்னா இல்லை. அஜீஷ் போயிட்டான்னு அம்மா போன்ல சொன்னப்போ நீ மீட்டிங் இருக்குன்னு வெச்சுட்டே. அப்புறம் பேசினப்பவும் அதைப்பத்தி ஒண்ணும் கேக்கலை. கேக்க தைரியம் இல்லையாக்கும்னு அம்மா சொல்றா. எனக்கும் வாயால சொல்ல வரலை, அதனால்தான் எழுதறேன். பக்கத்தாத்து சேஷன் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நன்னா ஆச்சு. கோவில்ல ஐப்பசி உற்சவத்துக்குக் கொடியேறியாச்சு. நான் இன்னும் போகலை. அந்நியப் பையன்தானே, நமக்குத் தீட்டில்லையேன்னு அம்மா சொல்லிண்டே அழறா.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுத உட்கார்ந்தால் நீயும் அஜீஷும் சேர்ந்து இருந்த அந்தக் கழக்கூட்டத்து ஃப்ளாட்தான் முதல்ல வரது. பகலெல்லாம் ரெண்டு பேரும் அந்த கேம் கம்பெனியில் வேலை, ரூமுக்கு வந்தால் சொந்தமா ஒரு எஞ்சின். கேம் பண்ணறவாளுக்கெல்லாம் அடிப்படையா ஒரு சாஃப்ட்வேர், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாத்தலாம், காசு வேண்டாம்னு நெட்ல போட்டேள். அதைப் பார்த்துத்தானே மான்ட்ரியல் கம்பெனி உன்னைக் கூப்பிட்டது. இனிமேல் எழுதறதையாவது மூடி வெச்சு விக்கலாம்னு நீ சொன்னே, ஊர்பேர் தெரியாதவாளெல்லாம் கூடச் சேர்ந்து எழுதினதை நாம எப்படி மூடறதுன்னு அவன் சொன்னான். அந்தச் சண்டையோட நீ கிளம்பினப்போ ஏர்போர்ட்டுக்கு அவன் வரலை. யார் பக்கம் ஞாயம்னு நான் இப்போ பிரிக்கப் போறதில்லை, பிரிச்சு என்ன ஆகப்போறது.

நீ போனப்புறம் இங்கே அந்த கேம் கம்பெனியை மூடிட்டா. அவன் வேறொரு இடத்தில் இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர் எழுதப் போனான். அது சோத்துக்கு, எஞ்சின் உசிருக்கு மாமான்னு சொல்லுவான். ஞாயித்துக்கிழமை ஆம்படையாள் ஷிஜாவையும் குழந்தையையும் கூட்டிண்டு வருவான், அம்மா அடை வார்த்துப் போடுவா, அவன் லேப்டாப்பைத் திறந்துண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துடுவான். பொலிவியாவில் அக்கா தங்கை ரெண்டு பேர் உங்க எஞ்சினை வெச்சு ஒரு கேம் பண்ணியிருந்தா, லாமான்னு ஒட்டகக் கழுத்துல ஒரு மிருகம், அதை மலையேத்தணும். நான் ஏத்தினா எப்பவும் பள்ளத்துலதான். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான், மாமா, கீழே விழுற பாகம் மஹேஷ் எழுதினது, நான் இன்னைக்கு வரைக்கும் அதுல கை வெச்சதில்ல, தேவையே வரல்லன்னு சொல்லுவான். உன் பேரை எடுக்காத ஞாயித்துக்கிழமை கிடையாது, நீ நம்பினாலும் சரி நம்பாட்டாலும் சரி.

ஓணத்துக்கு முன்னாடி கண்ணெல்லாம் மஞ்சளாச்சு. காமாலைன்னு நினைச்சுண்டு கீழாநெல்லி கொடுத்தா, பார்த்தால் கணையத்தில் கேன்சர், அதுவும் ரொம்பத் தாமசமாத்தான் தெரிஞ்சுது. அவன் தன்னைப்பத்திக் கவலைப்பட்டதை நான் பார்க்கலை. தினம் எங்கிருந்தோ யாரோ இது ஓடலை அது ஓடலைன்னு எழுதறாங்க மாமா, பதில் சொல்ல ஆள் இல்லேன்னா ஒரு வருஷத்துல செத்துப்போயிடும்னு எஞ்சினைப்பத்தியே சொல்லிண்டிருந்தான். நீ எடுத்து நடத்துவியான்னு உனக்கு மெயில் போட்டான். நானும் போன்ல சொன்னேன். வெளி சாஃப்ட்வேர்ல கை வெக்கக்கூடாதுன்னு கம்பெனி கான்ட்ராக்ட் இருக்கு, லீகல் டிபார்ட்மென்ட்ல கேட்டுச் சொல்றேன்னு சொன்னே. அதை அப்படியே அவன்கிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் நான் ஆஸ்பத்திரிக்குள்ளே நுழைஞ்சால் முதல் கேள்வி, லீகல்ல ஏதாவது சொன்னாங்களா மாமா. கேட்டிருக்கான்டா, பெரிய கம்பெனி, தாமசமாகும்னு நானும் சொல்லிண்டே வந்தேன். ஷிஜாவுக்கு ஒரு நாள் கோபம் வந்துடுத்து, மதி அஜீஷேட்டா, இனி சோதிக்கண்டன்னு, போதும் இனிமே கேக்காதேன்னு, மலையாளத்துல கத்திட்டா. அவன் என்னைப் பார்த்து, அவன் மேல கோவமில்ல மாமா, கோவம் இருந்திருந்தா அவன்கிட்ட கேட்டிருக்க மாட்டேன்னான்.

பின்னே ஒரு நாள் போனேன், அவன் கேக்கவே இல்லை. ஹார்லிக்ஸ் குடிச்சியான்னு நான் கேட்டேன், தலையை ஆட்டினான். வெளியே வந்தப்போதான் ஷிஜா சொன்னா, முந்தின நாள் போலந்துல இருக்கற ஒரு பெண்ணுக்கு எஞ்சின் பொறுப்பு எல்லாத்தையும் மாத்திக் கொடுத்துட்டானாம். அவளும் கூட எழுதிண்டிருந்தவள்தான், நேர்ல பார்த்ததே கிடையாது. எழுந்து உட்கார முடியாததால ஷிஜா லேப்டாப்பைப் பிடிச்சுண்டாளாம், ஸ்க்ரீன்ல அந்தப் பெண் அழ, இவன் அவளைச் சமாதானப்படுத்தினானாம். அதுக்கப்புறம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரம் போயிட்டான்.

சாந்திகவாடம் மயானத்துக்கு நானும் போனேன். அவன் அப்பா செல்வமணி, சாலை பஜார்ல ஹார்ட்வேர் கடையில் நின்னு எப்படிப் பேசற மனுஷன், அன்னிக்கு ஒரு மூலையில் செருப்பில்லாமல் நின்னார். என் கையைப் பிடிச்சுண்டு, சாமி, மஹேஷ் வரல்லியான்னு கேட்டார். டிக்கெட் கிடைக்கலைன்னு சொன்னேன். சரி சரி, தூரமில்லியான்னு அவர் என்னைத் தேத்தினார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்னைத் தேத்தினார் மஹேஷ். மறுநாள் அவா ஆத்துக்குப் போனப்போ எங்கெங்கிருந்தோ வந்த இரங்கல் எல்லாத்தையும் ஷிஜா போன்ல தள்ளித் தள்ளிக் காட்டினா. ஜப்பான், பிரேசில், அந்த பொலிவியா பெண்கள். உன் பேர் எங்கேயாவது இருக்கான்னு அவள் தேடறாளோன்னு எனக்குத் தோணித்து. நானும் அதைத்தான் தேடிண்டிருந்தேன்.

கான்ட்ராக்டை நான் குத்தம் சொல்லலை, இருக்கும், நானும் சர்க்கார் உத்யோகம் பார்த்தவன்தான். ஆனா முடியலைடா அஜீஷ்னு ஒரு வரி எழுத எந்த லீகலைக் கேக்கணும். திட்டறதா நினைக்காதே. நீயும் அங்கே தனியா உட்கார்ந்துண்டு சாப்பிடாமல் இருக்கியோன்னு அம்மாவுக்கு பயம், எனக்கும்தான். அவன் எனக்கும் ஒரு பிள்ளை, நீயும் பிள்ளை, ரெண்டு பேரையும் நினைச்சு அழ எனக்கு ஒரு மனசுதான் இருக்கு.

காதை மூடித் தொப்பி போட்டுண்டு வெளியே போ. ராத்திரி வெறும் பிரெட்டோடு நிறுத்தாதே. சகல சௌபாக்யங்களோட தீர்க்காயுஸா இரு. ஒண்ணே ஒண்ணு மறக்காதே, ஷிஜாவைக் கூப்பிடு. முதல் தடவை எடுக்க மாட்டா, மறுபடியும் கூப்பிடு. எடுத்தால் திட்டுவா, பேசி முடிக்கற வரைக்கும் கேட்டுக்கோ. மீட்டிங்னு சொல்லி வெச்சுடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
வெங்கடேஸ்வரன்