மூன்றாம் இடத்தில் உன் பெயர்

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்துவிட்டுப் போனாள். வேர்க்கடலைச் சட்னிப்பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பூண்டு தூக்கலாக, கண்ணில் நீர் வரவைக்கும் காரத்தோடு, அப்படியே உன் கைப்பக்குவம். பொட்டலத்தின் வாயைக் கட்டியிருந்தது நம் ஆபீஸில் ஃபைல் கோக்கும் பச்சை டேக். வீட்டில் இன்னும் எத்தனை பதுக்கி வைத்திருந்தாய்? அரசாங்கச் சொத்தடி அது! பிரிக்காமல் கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் பேச எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகிப் புனே வந்து, தேர்வு எழுதி, அந்த மத்திய அரசு அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இந்தியில் பத்து வார்த்தை தெரியும், மராத்தியில் அதுவும் இல்லை. ஊழியர்களின் சர்வீஸ் புத்தகங்கள் அடுக்கிய இரும்பு பீரோக்களுக்கு நடுவே திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்து வேலையில் சேர வந்த நீ, என் டப்பாவில் இருந்த புளிசாதத்தைப் பார்த்துவிட்டு, மராத்திக்காரி மாதிரி வாய் பிளந்து, "அகோபாய்! நீ நம்ம ஆளா? அரே, மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றாய்.

இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள் நீ. உன் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். "உன் தமிழைக் கேட்டா எங்க ஊர்ல மயங்கி விழுந்துடுவாங்கடி" என்று நான் கிண்டல் செய்வேன். "உன் இந்தியைக் கேட்டு இங்க ஏற்கெனவே நாலு பேர் விழுந்துட்டாங்க" என்பாய். அப்படிச் சொல்லிவிட்டு, சாயங்காலம் உன் மொபெட்டில் என்னை ஏற்றி, உன் வழியிலேயே இல்லாத வானவடியில் என் வீடு வரை வந்து இறக்கிவிட்டுத்தான் கட்கிக்குத் திரும்புவாய்.

உன்னிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றே ஒன்று. எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவாய். "நீ படிச்சியா? பஸ். போதும்." ஒவ்வொரு ஜனவரியிலும் பணிமூப்புப் பட்டியல் சுற்றுக்கு வரும். யார் சீனியர், யார் ஜூனியர் என்று பார்த்து, தப்பு இருந்தால் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் கையெழுத்திட வேண்டும். சட்னி ஒட்டிய விரலோடு நீ கையெழுத்திட்டு நகர்த்திவிடுவாய். அதில் என் பெயர் உனக்கு மேலே இருக்கும். நாம் இருவரும் ஒரே தேர்வில் தேர்வானவர்கள்தான். உன் அப்பா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நீ அனுமதி வாங்கித் தாமதமாகச் சேர்ந்தாய். "மொதல்ல வந்தவ மேல, லேட்டா வந்தவ கீழ. சரிதானே?" என்பாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்தப் பட்டியலின்படி மேற்பார்வையாளர் பதவி எனக்கு வந்தது. கை வைத்த நாற்காலி, அதன் முதுகில் வெள்ளைத் துண்டு. பிரிவு முழுக்கப் பேடா வாங்கிக் கொடுத்தவள் நீதான். அந்த நாற்காலி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உன்னிடம் இனி பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவரின் பணிமூப்பு வழக்குக்காக, நம் தேர்வின் மூலப் பட்டியலைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. பழுத்துப்போன அந்தத் தாளில் நீ மூன்றாவது. நான் ஏழாவது. ஒரே தேர்வில் வந்தவர்களுக்குத் தேர்வில் பெற்ற இடம்தான் கணக்கு, அனுமதி வாங்கிப் பிந்திச் சேர்ந்தாலும் அந்த இடம் போகாது. எப்போதோ ஒரு குமாஸ்தா சேர்ந்த தேதியை வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார். வருடாவருடம் எல்லோரும் அதையே பார்த்து எழுதியிருக்கிறோம். ஊருக்கெல்லாம் விதி சொன்ன நான், என் வரியை மட்டும் சரிபார்த்ததே இல்லை.

ஃபைலை மூடி, டேக்கை முடிந்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் உன்னிடம் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் மதியம் உன் சட்னியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் வண்டி நிறுத்துமிடத்தில் சொன்னேன். "அரே, விடுடி. எனக்கு யாரையும் மேய்க்கத் தெரியாது, நீயே இரு" என்று மொபெட்டைக் கிளப்பினாய். பிறகு நீயே இன்ஜினை அணைத்தாய்.

"நான் மூணாவதா?"

"ஆமாம்."

"நிஜமா? எத்தனை பேர்ல?"

"பதினாலு பேர்ல."

"அப்பா போறவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. 'நான் படுத்துக்கினதால உன் இடம் கீழ போயிடிச்சும்மா'ன்னு. நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். உனக்கு நாற்காலி பெரிதில்லை, அந்த மூன்றுதான் பெரிது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, பட்டியலைத் திருத்தச் சொல்லிக் குறிப்பு எழுதி அதிகாரியிடம் வைத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். "உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் காலை நீங்களே அறுக்கிறீர்களே, மேடம்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு மேலே அனுப்பினார். நான்கு மாதத்தில் உத்தரவு வந்தது. நீ மேற்பார்வையாளர், நான் பழைய மேசைக்கு. பேனா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எல்லோரும் பார்த்தார்கள், மனசு சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்று மதியம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நாற்காலியில் இருந்த துண்டை எடுத்து நீ பீரோ துடைத்தாய். என் ஒரு நாள் லீவு விண்ணப்பத்தை உன் முன் வைத்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாய். "என்னடி, இதுல படிக்க என்ன இருக்கு?" என்றேன். "சும்மா இரு. இனிமே படிக்காம ஒரு கையெழுத்து கிடையாது." அடுத்த வருடம் காலியிடம் வந்து எனக்கும் அதே பதவி திரும்பக் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். இப்போது கூரியர்க்காரர் நீட்டும் சீட்டைக்கூட நான் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். அவர் வாசலில் நின்று பெருமூச்சு விடுகிறார். எல்லாம் நீ ஒட்டவைத்தது.

அந்தப் பட்டியலின் ஜெராக்ஸ் ஒன்று உன்னிடம் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஆபீஸ் காகிதத்தை இப்படி வெளியில குடுக்கலாமா மேடம்?" என்று மிரட்டிவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

சட்னியோடு உன் மகள் அதையும் கொண்டுவந்திருந்தாள். "ஆன்ட்டி, தாத்தா போட்டோ பின்னாடி இது இருந்துச்சு. மம்மி பேர் கீழ ரெட் பேனால லைன் போட்டிருக்கு. இது என்னா லிஸ்ட்?"

மேலிருந்து கீழ்வரை ஒரு முறை முழுசாகப் படித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று நாளையும் விடாமல். "உங்கம்மா மூணாவதும்மா" என்றேன். அவள் உன்னைப் போலவே, "நிஜமா?" என்று கேட்டாள்.

அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் என் விரல் தானாகக் கீழே இறங்கியது. "இதோ பாரு, நான் இங்க இருக்கேன். ஏழாவது" என்றேன். உனக்குக் கீழே இருக்கும் என் இடத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் காட்டியதில்லை.