மீதி மூன்று விதை

பிப்ரவரி 22, ஞாயிறு

கொல்லையில் பாத்தி கட்டி, உரம் கலந்து முடித்தேன். டிசம்பரில் ஆரம்பித்த மக்கு உரம் கறுப்பாக, உதிரியாக வந்திருக்கிறது. காய்கறித் தோல், வேப்பஞ்சருகு, சாணம், அனுமந்தை ஊரில் இருக்கும் சித்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு மூட்டை கருவாட்டுத் தலை. மீன் கழிவு நல்ல சத்து என்று படித்திருந்தேன். அம்மா மட்டும், "கருவாடா?" என்று இழுத்தாள். புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

பக்கத்து வீட்டு சகாயசெல்வி அக்கா பன்னிரண்டு சுரை விதை கொடுத்தாள். அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய தாய்வீட்டு விதை அது. மாசி பிறந்தால் தெருவே அவளிடம்தான் கேட்டு வாங்கும். ஒன்பது ஊன்றினேன். மூன்று மீதி.

மார்ச் 5

ஒன்றுகூட முளைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

குழாயடியில் அக்கா, "இன்னா நிலா, மொளச்சுதா?" என்றாள். நாலு பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். விதையில் உயிரே இல்லை என்றேன். அதோடு விட்டேனா? விதையை ஈரம் படாமல் எப்படி வைக்க வேண்டும் என்று பாடமே எடுத்தேன். விஜயலட்சுமி அக்கா, "ஏன்டி செல்வி, உன்ன மாதிரியே உன் வெதைக்கும் வயசாயிடுச்சா?" என்று சிரித்தாள். செல்வி அக்கா குடம் பாதி நிறையும்போதே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 10

அம்மா வந்து சொன்னாள். செல்வி அக்கா விதை டப்பாவையே கோழிக்குக் கொட்டிவிட்டாளாம். உப்பளத்தில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லையாம். "குடுத்து எதுக்குக் கெட்ட பேரு" என்றாளாம்.

உள்ளுக்குள் எனக்கு லேசாக ஒரு திருப்தி — நான் சொன்னதை ஒருத்தி கேட்டாள் என்று. இதை இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவேன்.

மார்ச் 11

மீதி மூன்றையும் ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். நான் சொன்னது சரிதான் என்று எனக்கே காட்டிக்கொள்ள.

மார்ச் 15, ஞாயிறு

மூன்றும் வேர் விட்டிருக்கின்றன. வெள்ளையாக, விரல்நுனி நீளத்துக்கு.

பாத்தி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கரித்தது.

உப்பளத்திலிருந்து வந்ததும் அம்மா வாசலுக்கு வெளியே, தெருவோரமாகத்தான் கால் கழுவுவாள். அந்தத் தண்ணீர் ஒரு செடிப் பக்கமும் போகக் கூடாது என்று. இருபத்துநாலு வருஷமாகப் பார்க்கிறேன். பார்த்து என்ன? கருவாட்டுத் தலையோடு ஒரு மூட்டை உப்பை நானே கொட்டிவிட்டு, செல்வி அக்காவின் விதை செத்தது என்றேனே.

இந்த வருஷம் வேறு யாரும் இன்னும் வாங்கவில்லை; இனி அந்த விதை இந்தத் தெருவில் இந்த மூன்றுதான்.

மார்ச் 16

சாயங்காலம் யாரும் இல்லாதபோது அக்காவிடம் கொடுத்துவிடலாமா? நாலு பேர் எதிரில் சொன்னதை ரகசியமாகத் திருப்பி வாங்க முடியுமா?

மார்ச் 17

குழாயடிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வேர் நீண்டுகொண்டே போகிறது.

மார்ச் 18

குழாயடியில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். கருவாட்டுத் தலை என்றதும் விஜயலட்சுமி அக்கா, "சொரக்காவ கருவாடு போட்டுக் கொழம்பு வெப்பாங்க. இவ செடி வர்றதுக்கு முன்னியே போட்டுட்டா" என்றாள். குழாயடியே சிரித்தது. செல்வி அக்கா சிரிக்கவில்லை.

"மூணுதான் மிச்சமா?" என்றாள். ஈரத்துணியை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9

அவள் வேலியில் இரண்டு கொடி ஏறியிருக்கிறது. ஒன்றைக் கோழி கிளறிவிட்டதாம். அம்மாதான் சொன்னாள். அக்கா என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

முதல் காயை அக்கா பறிக்கவில்லை. விதைக்கு விட்டு, யாரும் கை வைக்காமல் இருக்கச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள். அந்த விதை தெருவில் யார் யாருக்கு என்று அம்மா கேட்டாளாம், நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கொல்லையில் பாத்தி மண்ணை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குனிந்தாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"இன்னும் கரிக்குது. நாலு மழ போவட்டும்" என்றாள்.