ஏழு ஓடுகளின் தீர்ப்பு

கடிதம் எண் 9
லிப்சி தீவு, கிரீஸ், 12 நவம்பர் 2019, செவ்வாய், மாலை 5.10

அன்புள்ள எவாந்தியாவுக்கு,

நான் நலம். உன் நெஞ்சுவலி தணிந்ததா?

இன்று பண்டைய ஏதென்ஸின் நாடுகடத்தும் வாக்கெடுப்பை வகுப்பில் நடத்தினேன். ஊரைவிட்டு அனுப்ப வேண்டியவரின் பெயரைப் பானையோட்டில் கீற வேண்டும். ஏழு பிள்ளைகளும் என் பெயரையே கீறியிருந்தனர்.

"நான் செய்த குத்தம் என்ன?" என்றேன்.

"குத்தமெல்லாம் இல்ல சார்," என்றாள் ஸ்டமாட்டியா. "துரத்துனாத்தானே வீட்டுக்குப் போவீங்க? கப்பல் ஊதுனா பாடத்தையே மறந்துடுறீங்களே!"

எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்தால்தான் தீர்ப்பு செல்லும் என்ற பழைய விதியை எடுத்துரைத்தேன். ஆகவே பள்ளி ஆண்டு முடியும் ஜூன் வரை இங்கேதான்.

கம்பளிக் காலுறை அனுப்பு. மருத்துவர் சொன்னதை மறைக்காமல் எழுது. கப்பல் ஊதிவிட்டது.

உன்,
ஸ்டெர்யோஸ்

இணைப்பு: என் பெயர் கீறிய ஓடுகள், ஏழு. எறிந்துவிடாதே.