அப்பாவின் சிலுவையில் கோணிய கதிர்
மொம்பாசா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று எங்கள் தகடு வெட்டும் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரு கல்லறைச் சிலுவை வரைந்தேன். அதன் நடுவிலிருந்து வெயில் போல விரியும் சாய்ந்த கதிர்களை மவுஸால் இழுத்து நீட்டியதும் முதலாளி முவாடிமே சிரித்துவிட்டார். "ஏன்டா, உகாலிக் களி கிண்டுற மாதிரி இழுக்கிறே? கையால இழுத்தா கோணிக்கும். கோணத்தைப் பூட்டிட்டு நீளத்தை நம்பராப் போடு." போட்டேன். கோடு நீண்டது, சாய்வு அசையவில்லை.

அடக்கத்துக்கு வர லீவு கிடைக்காமல் பஸ்ஸில் அனுப்பினேனே, அப்பாவின் சிலுவை, அதைக் கையால்தான் இழுத்திருந்தேன். ஒரு கதிர் கோணியிருக்கும். தங்கை அடோயோவை அந்தச் சிலுவையை அளந்து எழுதச் சொல்லுங்கள். சரியாக வெட்டி அனுப்புகிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார். புதியதை நட்டாலும் பழையதை எறிந்துவிடாதீர்கள், அம்மா. அடக்கத்தன்று என் கை என்று அங்கே இருந்தது அது ஒன்றுதான்.

உங்கள் மகன்
ஒடெரா