பேய்ப் படத்துக்கு மத்யமாவதி

ஆடி 10, புதன்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. மகள் சுபாவுக்குப் புதுப் பைத்தியம். மாடுங்காவில் ஒரு சினிமா சங்கம்; நூறு வருஷத்து ஜெர்மன் பேய்ப் படம், பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவள் வயலின் வாசிக்க வேண்டுமாம். நன்றாக அமைந்தால் புனேக்கும் கூப்பிடுவார்கள். ஒரு வாரமாக இதே ஜபம்.

கதை கேட்டேன். கடிகாரக் கடை. பூட்டியதும் சாத்தான் வந்து ஒவ்வொரு கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கிறான். கடிகாரத்துக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு பிணம். ஆக நான்கு. வேலை வெட்டி இல்லாத சாத்தான்.

"ஆர்ட் ஃபிலிம்மா அது."

"பிணத்துல என்னடி ஆர்ட்?"

நாளை மறுநாளே படமாம்; ஆடி வெள்ளியில் இது தேவையா? ஒரே நிபந்தனை போட்டேன்: பிணம் விழுந்ததும் கொஞ்சம் மத்யமாவதி ராகம். கச்சேரியை அதில் முடிப்பதே தோஷம் கழியத்தானே. மூஞ்சியைத் தூக்கினாள். பிறகு, "மூணாவது கதைக்கு மட்டும். நீயும் வரணும்."

வெள்ளி

விளக்கேற்றிவிட்டு ஆட்டோவில். ரூ. 110. படம் இலவசம், அதுவே அதிகம்.

ஹால் முழுக்க மாடுங்காவின் தமிழ் மாமாக்கள், ஒரு கச்சேரி விடாதவர்கள். எல்லா நடிகருக்கும் கண்ணில் அப்பிய மை. பயந்தாலும் நெஞ்சைப் பிடிக்கிறான், பயமுறுத்தினாலும் நெஞ்சைப் பிடிக்கிறான். சமையலறைப் பல்லி இதைவிடத் தேவலை.

மூன்றாவது கதையில் ஒருத்தன் பெண்டாட்டி செத்தாள். சுபா மத்யமாவதி எடுத்தாள். இரண்டே இழுப்பு. ஹாலே எழுந்துவிட்டது! கும்பிடு, குடை, செருப்பு. சங்கத்து தேஷ்பாண்டே எல்லோரையும் உட்காரச் சொல்லி ஓடிவந்தான்.

"அரே மாமா, பைட்டோ! பிக்சர் பாக்கி ஹை!"

"மத்யமாவதி ஆயாச்சு. இன்னும் என்னப்பா பாக்கி?" என்றார் ஒரு மாமா.

சுபா என்னைப் பார்த்தாள். அந்தச் சாத்தான்கூட அப்படிப் பார்க்கவில்லை.

பாதி நாற்காலி காலி. நான்காவது கதைக்கு விடாமல் வாசித்தாள். எனக்குப் படம் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டேன். கடைசிக் கடிகாரம் நின்ற இடம் மூடிய கண்ணுக்கும் தெரிந்தது.

சனி

மழை. சுபா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். காபி ஆறி ஆடை கட்டியது. புனே போயிற்று, என்னால்தான் போயிற்று என்று முதுகாலேயே சொல்கிறாள்.

அவள் குளிக்கும்போது போன். தேஷ்பாண்டே. புனேக்கு வரட்டுமாம், கடைசிக் கதைக்கு வாசித்தது பிரமாதமாம். "லேகின் ஆண்ட்டி, வோ ராக் நஹி. பப்ளிக் பாக் ஜாதா ஹை."

அந்த ராகம் மட்டும் கூடாதாம், ஜனம் ஓடிவிடுகிறதாம். வேண்டாமென்றால் வேண்டாம். அந்த மை அப்பின மூஞ்சிகளுக்கு நம் ராகம் ஒரு கேடா.

குளியலறைக் கதவைத் தட்டினேன். "புனே போறே. மத்யமாவதியை ஆத்துக்கு வந்து வாசி."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.