மச்சான் ஆராய்ச்சிக்கு அட்டை போட்ட வாரம்

9-11-2009, திங்கள். சிதம்பரம்.
விடாத மழை. பசை காயல. ரெக்சின் எல்லாம் நமுத்துக் கெடக்கு.
கடலூர்லேர்ந்து மச்சான் வந்தான், என் சம்சாரத்தோட தம்பி. ஆறு வருஷ ஆராய்ச்சி, பாலிதீன் பையில. அஞ்சு காப்பி பைண்டிங். வெள்ளி சாயங்காலம் 5க்குள்ள யுனிவர்சிட்டி ஆபீஸ்ல குடுக்கணும். தவறினா பதிவு ரத்து, ஆறு வருஷமும் போச்சு. உனக்கு டாக்டர் பட்டம் வர்றதுக்குள்ள எனக்கு டாக்டரே கை விரிச்சிடுவாருடான்னேன். சிரிக்கல.
வாங்கணும்: மைதா, நூல், தங்கத்தாள், கோடாலித் தைலம்.

10-11, செவ்வாய்.
அஞ்சு அட்டைக்கும் தலைப்பு அடிச்சாச்சு. இங்கிலீஷு. பித்தளை எழுத்தை ஒண்ணொண்ணா இடவலம் மாத்திக் கோத்து, கண்ணு அவிஞ்சு போச்சு. அர்த்தம் கேட்டேன். ஒவ்வொரு கேலக்ஸி நடுவுலயும் ஒரு பிளாக் ஹோலாம். அது தின்ன ஆரம்பிச்சா சுத்தி நட்சத்திரம் பொறக்குறது நின்னுபோகும், அதான் தலைப்பாம். பந்தியில நடுவுல நீ உக்காந்த மாதிரின்னேன்.
"ஆனா நான் பார்த்ததுல அப்படி இல்ல மாமா. அது நல்லா தின்னுற எடத்துலதான் நட்சத்திரமும் ஜாஸ்தி பொறக்குது. ரெண்டுக்கும் ஒரே வாயுதான் தீனி."
"அப்ப அட்டையில ஏன்டா நிக்குதுன்னு போட்ட?"
கைடு சார் சொன்ன தலைப்பாம். மாத்தினா கையெழுத்து வராதாம். உள்ள நீ பார்த்தது, வெளிய அவர் சொன்னது, நல்லாருக்குடான்னேன். தலைய குனிஞ்சிக்கிட்டான். எரிச்சலா வந்துச்சு.

11-11, புதன்.
மழை. கரண்ட் மூணு தடவ போச்சு. சார் தனித்தாள்ல கையெழுத்து போட மாட்டாராம், கட்டின புத்தகத்துலதானாம். அதுவும் ஒரு பழக்கம். தைச்சு, அட்டை ஒட்டி, அழுத்துற பிரஸ்ல வெச்சாச்சு.
தம்பி நேத்து சாப்பிடவே இல்லையாம், நீங்க என்ன சொன்னீங்கன்னு சம்சாரம் ஒரே பாட்டு. நட்சத்திரம் எங்க பொறந்தா எனக்கென்ன? நான் பைண்டர்.

12-11, வியாழன்.
கடை தொறக்குறதுக்கு முன்னயே நிக்கிறான், தொப்பலா நனைஞ்சு.
"அட்டையக் கிழிங்க மாமா. நிக்குதுங்கிறத எடுத்துட்டு, ரெண்டுக்கும் சம்பந்தம்னு போடுங்க. கையெழுத்து வரலன்னா போவட்டும்."
நேத்து ஒட்டினத இன்னிக்கு நானே கிழிச்சேன். அஞ்சும். ஈரத்துல தங்கத்தாள் புடிக்கல, ரெண்டு எழுத்து உதிர்ந்துடுச்சு. திட்டிக்கிட்டே திரும்ப அடிச்சேன். நல்லாத்தான் வந்துருக்கு. அவன்கிட்ட சொல்லல.

13-11, வெள்ளி.
லேசா வெயில். ரெண்டு மணிக்குப் போனவன், அஞ்சடிக்கும்போது போன் பண்றான். சார் அட்டையப் பார்த்தாராம். யாரக் கேட்டு மாத்தினன்னாராம்.
"உள்ள அதான் சார் இருக்கு"ன்னானாம் இவன்.
நாலுல கையெழுத்து போட்டுட்டு, அஞ்சாவத படிச்சிட்டுப் போடுறேன்னு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஆபீஸ்ல நாலையும் வாங்கிக்கிட்டாங்க, பதிவு தப்பிச்சுது. மிச்சம் ஒண்ணு திங்கக்கிழமைக்குள்ள வரணுமாம்.
போன்லயே அழுவுறான், சந்தோஷத்துல. எனக்குத்தான் வயித்தெரிச்சல். ஆறு வருஷமா படிக்காம விட்டுட்டு இப்பதான் படிக்கப் போறாராம். படிச்சிட்டு மறுபடி தலைப்ப மாத்துன்னு சொல்லட்டும், கடைக்குப் பூட்டு போட்டுட்டு பிச்சாவரத்துல துடுப்பு போடப் போயிடுவேன்.