மரியசெல்விக்குக் கொடுத்த வலை

12 ஜூன் 2025, வியாழன்

காலைத் தீவனம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளத்தில் இறக்கியிருந்த தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பாதித் தீவனம் அப்படியே கிடந்தது. கரையோரம் நாலு இறால் தள்ளாடின. ஒன்றின் தலையோட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். வெள்ளைப்புள்ளி நோய், ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் அடுத்த குளத்துக்குத் தொற்றும். அறுபத்தெட்டு நாள் வளர்த்தது! சனிக்கிழமை பிடித்துவிட வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்தால் இறால் வாங்க எந்த வண்டியும் கீழவைப்பார் பக்கம் எட்டிப் பார்க்காது.

13 ஜூன்

பக்கத்துக் குளத்து மரியசெல்வி வந்தாள். "ரெக்சன் அண்ணே, எங்க வலை கிழிஞ்சு போச்சு. இறால் எடை பாக்கணும், ஒங்க வீச்சுவலையக் குடுங்க."

காலையில்தான் அதை என் குளத்தில் வீசியிருந்தேன். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நோய் சாக பிளீச்சிங் தண்ணீரில் முக்காமல் கொடுக்கக் கூடாதென்று எனக்குத் தெரியாதா? முக்கினால் ஏன் என்று கேட்பாள். "எடுத்துட்டுப் போளா" என்றேன்.

14 ஜூன்

பிடித்து ஏற்றியாயிற்று. "என்ன அண்ணே இவ்வளவு அவசரம்?" என்றாள் மரியசெல்வி. மோட்டார் கோளாறு என்றேன். நம்பிவிட்டாள்.

20 ஜூன்

அவள் குளத்திலும் வந்துவிட்டது. நாற்பது நாள் குஞ்சுகள், விற்கவும் ஆகாது. கரை முழுக்கச் செத்து ஒதுங்குகின்றன. புருஷன் வில்பிரட்டை வறுத்தெடுக்கிறாள். "காக்கா வராம குளத்துக்கு மேல நூல் கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! எங்கயோ நோயில செத்த இறாலத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கு. எல்லாம் ஒங்களாலதான்!"

அந்த மனுசன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "விடுளா, காக்காய என்ன செய்ய முடியும்" என்றேன். சீ! நானும் ஒரு மனுசனா?

22 ஜூன், ஞாயிறு

மாதா கோயில் பூசைக்கு வில்பிரட் வரவில்லை. இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லையாம். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றவன் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

23 ஜூன்

அவர்கள் வேலி வரை போய்த் திரும்பி வந்தேன். பயந்தாங்கொள்ளி.

24 ஜூன்

மரியசெல்வியிடம் சொல்லிவிட்டேன். "காக்கா இல்லளா. என் வலைதான். என் குளத்துல நோய்னு நீ வலை வாங்குறதுக்கு மொத நாளே எனக்குத் தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. கரையின் அந்தக் கோடிக்கு ஓடினாள் — "ஏங்க, ஒங்க மேல தப்பு இல்ல! ஒங்க மேல ஒண்ணுமே இல்ல!" வில்பிரட் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

15 ஜூலை

வில்பிரட் காய்ந்த குளத்துக்குச் சுண்ணாம்பு போடுகிறார். கூடப் போய் மூட்டை தூக்கினேன். வேண்டாமென்று சொல்லவில்லை. பதினொரு மணிக்கு மரியசெல்வி காப்பி கொண்டுவந்தாள். அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான் அடுத்த மூட்டையைப் பிரித்தேன்.